கமலாபுரத்துக்கு வந்துபோன விமானங்கள்

ஓமலூருக்குப் பக்கத்தில், கமலாபுரத்தில் இருக்கிறது சேலம் விமான நிலையம். 1993-இல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. நிறுவனத்தின் விமானம் வந்தது. சில காலம் பறந்து நின்றுபோனது. பிறகு நீண்ட மௌனம். 2009 நவம்பர் 15-இல் கிங்ஃபிஷர் ரெட் வந்தது, நீடிக்கவில்லை. 2018 மார்ச் 25-இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ட்ரூஜெட் வந்தது; 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. முப்பது ஆண்டுகளில் நான்கு முறை ஊர் நம்பியது. மூன்று முறை ஏமாந்தது.

ஒவ்வொரு முறை சேவை நின்றபோதும் நமக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: போதிய பயணிகள் இல்லை. அதாவது தவறு சேலத்துக்காரர்கள் மேல். இந்தத் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. சேலத்துக்கு வந்த சிறிய விமான நிறுவனங்கள் விழுந்ததற்குப் பயணிகளின் எண்ணிக்கை ஒரு காரணம் மட்டுமே. அவை விழும்படியாக ஏற்பாடு செய்யப்பட்ட களத்தில்தான் இறக்கிவிடப்பட்டன. வழியைத் திறக்கச் சிறியவர்களைப் பயன்படுத்திக்கொண்டு, வழி திறந்ததும் அவர்களைக் கைவிடும் ஒரு கொள்கை இந்த நாட்டில் நடக்கிறது. அது அநீதி. அந்த அநீதியில் மத்திய அரசுக்கும், மாநில அரசுக்கும், பெரிய மலிவு விலை நிறுவனங்களுக்கும், விழுந்துபோன சிறிய முதலாளிகளுக்குமே பங்கு உண்டு.

முதலில், இந்த ஊருக்கு விமானம் எதற்கு என்ற கேள்வியைப் பார்த்துவிடுவோம். அம்மாபேட்டைத் தெருக்களில் தறி ஓட்டுகிற ஒருவர் நாளைக்கு விமானம் ஏறப்போவதில்லை. அது உண்மைதான். ஆனால் அவர் நெய்கிற வெண்பட்டு வேட்டியும் சேலையும் இந்த ஊரில் மட்டும் விற்றுத் தீர்வதில்லை. அவருக்குக் கூலி வருவது வெளியூரிலிருந்து சரக்குப் பார்க்க வருகிறவரை நம்பியும், இங்கிருந்து ஆர்டர் பிடிக்கப் போகிறவரை நம்பியும்தான். சேலத்து வெள்ளிக் கொலுசு, ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி, நாமக்கல் முட்டை, நாமக்கல் லாரிப் பட்டறைகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் என்று இந்தச் சமவெளியின் தொழில்கள் அத்தனைக்கும் சந்தை தூரத்தில் இருக்கிறது. ஒரு வாங்குபவர் கோவையிலோ பெங்களூரிலோ இறங்கிப் பல மணி நேரம் காரில் வர வேண்டும் என்றால், அவர் கோவையிலேயே சரக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். நட்டம் தறிக்காரருக்கு.

ஆகவே விமானம் பணக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதே சமயம், எந்த ஊருக்கு விமானம் வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லவும் வேண்டும். இதில் நம் ஊர்ப் பெரியவர்களும் வணிகச் சங்கங்களும் ஒரு பழைய பிடிவாதத்தை விட வேண்டியிருக்கிறது. சேலம் என்றால் சென்னை விமானம் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அம்மாபேட்டையில் இருப்பவர் இரவு சாப்பிட்டுவிட்டு உடையாப்பட்டிப் பக்கம் பஸ் ஏறினால் விடியும்போது சென்னையில் இருப்பார். 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை–சென்னை வந்தே பாரத் ரயில் சேலத்திலிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. விமானத்துக்கோ இங்கிருந்து ஊரைக் குறுக்கே கடந்து, ஐந்து ரோடு நெரிசலைத் தாண்டி, ஓமலூர் சாலையில் கமலாபுரம் போய், ஒரு மணி நேரம் முன்னதாகக் காத்திருந்து, அங்கே மீனம்பாக்கத்தில் இறங்கி மறுபடி நகருக்குள் போக வேண்டும். நேரக் கணக்கில் பெரிய லாபம் இல்லை. ஹைதராபாத், கொச்சி, மும்பை என்று ரயிலில் ஓர் இரவோ ஒரு பகலோ அதற்கு மேலோ ஆகிற ஊர்களுக்குத்தான் விமானம் நமக்கு உண்மையில் தேவை. சென்னை விமானத்துக்கு மதிப்பு இருக்கிறதென்றால், அங்கிருந்து இன்னொரு விமானம் மாறிப் போகிறவர்களுக்கு இருக்கிறது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய நிறுவனம் சாகிற இடம் இதுவேதான்.

ஒரு சிறிய விமான நிறுவனம் எப்படி நடக்கிறது? மூன்று விமானம், நான்கு விமானம் குத்தகைக்கு எடுப்பார்கள். பெரும்பாலும் எழுபது பேர் சுமாராக உட்காரும் ஏ.டி.ஆர். விசிறி விமானம். குத்தகைப் பணம் டாலரில் கட்ட வேண்டும். டிக்கெட் பணம் ரூபாயில் வரும். ரூபாய் சரிந்தால் அந்த மாத வரவு அப்படியே போய்விடும். எரிபொருள் எண்ணெய்க் கம்பெனிகள் சிறியவர்களுக்குக் கடன் தருவதில்லை. ரொக்கம் வைத்தால்தான் டேங்க் நிரம்பும். செலவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருளுக்கே போகும் தொழில் இது. மூன்று விமானத்தில் ஒன்று பழுதுபார்க்கப் போனால் மூன்றில் ஒரு பங்கு சேவை அன்றைக்கு ரத்து. நானூறு விமானம் வைத்திருப்பவர், ஒன்று பழுதானால் இன்னொன்றை அனுப்புவார். ஊருக்குத் தெரியவே தெரியாது. சிறியவர் இரண்டு நாள் ரத்து செய்தால், "இவனை நம்ப முடியாது" என்று மூன்றாம் நாள் நாம் பஸ் ஏறிவிடுகிறோம்.

சென்னையிலும் பெங்களூரிலும் காலை ஆறு முதல் ஒன்பது வரை இறங்கி ஏற நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த நேரங்களைப் பெரியவர்கள் ஆண்டாண்டாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த சிறியவருக்கு நடுப்பகல்தான் மிச்சம். நடுப்பகலில் போய் மறுநாள் நடுப்பகலில் திரும்பும் விமானத்தில் எந்த வியாபாரி ஏறுவார்? ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் ஆகிறது, ஓர் இரவு லாட்ஜ் வாடகை வேறு. விமானம் காலியாகப் பறக்கிறது. அதைக் காட்டித்தான் சேலத்தில் ஆளே இல்லை என்றார்கள்.

எல்லாவற்றையும் விடக் கொடிய தடை இணைப்பு டிக்கெட். சேலத்திலிருந்து துபாய் போகிறவரோ டெல்லி போகிறவரோ சிறிய நிறுவனத்தில் சென்னை வரை ஒரு டிக்கெட் எடுக்கிறார். அங்கிருந்து பெரிய நிறுவனத்தில் தனி டிக்கெட். சென்னையில் பெட்டியை வாங்கி, வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணம் போச்சு. யாரும் பொறுப்பு ஏற்க மாட்டார்கள். பெரிய நிறுவனமோ தன் சொந்தச் சிறு விமானத்தையும் பெரிய விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துத் தருகிறது. பெட்டி சேலத்தில் போட்டால் டெல்லியில் வரும். இந்த ஒரு வசதிக்கு எதிராக எந்தக் கட்டணக் குறைப்பும் நிற்காது. அமெரிக்காவில் ஸ்கைவெஸ்ட் போன்ற பிராந்திய நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களுக்காகவே, அவற்றின் பெயரிலேயே பறந்து பிழைக்கின்றன. அங்கே சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு கட்டாயத்தை யாரும் உருவாக்கவில்லை. பெரியவர்களுக்கு அதில் அக்கறையும் இல்லை.

இந்த வரிசையில் விழுந்தவர்களைப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்தே மூன்று பேர்: 1997-இல் நின்ற என்.இ.பி.சி.; மதுரை ஜவுளிக் குடும்பம் ஒன்று 2005-இல் தொடங்கி 2010-இல் முடிந்த பாரமவுண்ட்; கோவையிலிருந்து 2016-இல் பறக்கத் தொடங்கி மறு ஆண்டே அடங்கிய ஏர் கார்னிவல். பெங்களூரின் ஏர் பெகாசஸ் 2015 ஏப்ரலில் பிறந்து 2016 ஜூலையில் முடிந்தது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013 முதல் 2017 வரை. ட்ரூஜெட் 2015 முதல் 2022 பிப்ரவரி வரை. ஏர் டெக்கான் கதை எல்லோருக்கும் தெரியும். 2003-இல் கேப்டன் கோபிநாத் சிறு ஏ.டி.ஆர். விமானங்களோடு தொடங்கி, பஸ்ஸில் போகிறவனையும் விமானத்தில் ஏற்றுவேன் என்று நாட்டின் மலிவுக் கட்டணத்துக்கே வழி போட்டவர். அவர் வாழ்க்கையைத் தழுவி 2020-இல் வந்த ‘சூரரைப் போற்று’ படத்துக்கு நாம் எல்லோரும் கண் கலங்கினோம். அந்த நிறுவனம் 2007-இல் கிங்ஃபிஷர் கைக்குப் போனது. கமலாபுரத்தில் 2009-இல் வந்திறங்கிய கிங்ஃபிஷர் ரெட் அந்த ஏர் டெக்கானின் மிச்சமே. 2012-இல் கிங்ஃபிஷரும் போயிற்று.

இவர்கள் எல்லோரும் திறமையற்றவர்கள் என்று சொல்லிவிடுவது வசதியானது. சிலர் அப்படித்தான். ஆனால் இத்தனை பேர், இத்தனை ஊர்களில், ஒரே மாதிரி சில ஆண்டுகளுக்குள் விழுகிறார்கள் என்றால் விழுந்தவரை மட்டும் குற்றம் சொல்வது நேர்மை ஆகாது.

2017 மே மாதம் இண்டிகோ ஐம்பது வரை ஏ.டி.ஆர். விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. அதுவரை அந்த நிறுவனத்தின் கொள்கை ஒரே வகை ஏர்பஸ், பெரிய ஊர், நிறைந்த இருக்கை. அந்த ஆண்டு டிசம்பரில் முதல் ஏ.டி.ஆர். பறந்தது. சிறிய ஊர்களுக்குச் சிறியவர்கள் மட்டும் போகும் காலம் அன்றோடு முடிந்தது. ஏ.டி.ஆர். ஓட்டத் தெரிந்த கேப்டன்கள் நாட்டில் ஏற்கெனவே குறைவு. ஒரு கேப்டன் வேலையை விட ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று அரசு அந்த ஆண்டு விதி போட வேண்டிய அளவுக்கு ஆள் பற்றாக்குறை. யார் பக்கம் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை. பெரிய நிறுவனம் சிறிய ஊருக்கு வரக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால் பயணிக்கு நல்லதே. நம் கேள்வி வேறு. எண்பது இருக்கைக்குக் குறைந்த விமானங்களுக்கு இறங்கு கட்டணம் இல்லை, சிறிய விமானங்களுக்கு எரிபொருள் விற்பனை வரியில் சலுகை உண்டு என்று இந்த நாட்டில் விதிகள் இருக்கின்றன. சிறிய ஊர்ச் சேவையைத் தூக்கிவிடுவதற்காகச் செய்த விதிகள் அவை. இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானத்தில் இருக்கை 78. மூன்று விமானம் வைத்திருப்பவருக்கும் நானூறு வைத்திருப்பவருக்கும் ஒரே சலுகை. நடக்க முடியாதவனுக்கு என்று செய்த ஊன்றுகோலை ஓட்டக்காரனுக்கும் கொடுத்துவிட்டு, இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, இதுதான் சமம் என்கிறது அரசு. இதைச் சமம் என்று நாம் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்து பத்து ஆண்டு கழித்து, 2019 நவம்பரில் சென்னையிலிருந்து அங்குள்ள பலாலி விமான நிலையத்துக்குப் போன முதல் பயணிகள் சேவை அலையன்ஸ் ஏருடையது. கொரோனாவில் நின்று, இலங்கையின் பொருளாதார வீழ்ச்சி ஆண்டான 2022-இன் டிசம்பரில் மறுபடி தொடங்கியதும் அதே நிறுவனம். குறுகிய ஓடுபாதை, சிறிய விமானம், கூட்டம் எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். கூட்டம் வரும் என்று தெரிந்தபின், 2024 செப்டம்பர் 1-இல் இண்டிகோ வந்தது. யாழ்ப்பாணத்து மக்களுக்கு இரண்டாவது நிறுவனம் வந்தது நல்லதே. அதை நாம் குறை சொல்லவில்லை. பாவு புணைத்துத் தறி ஏற்றிக் கொடுத்தவர் ஒருவர், சேலை அறுக்க வந்தவர் இன்னொருவர் என்றால், புணைத்தவருக்குக் கூலி யார் கொடுப்பது என்பதே நம் கேள்வி. அலையன்ஸ் ஏர் இன்னும் அரசு நிறுவனமாக இருப்பதால் தாங்குகிறது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டாவுக்குப் போனபோது இது அரசிடமே தங்கியது. இதே இடத்தில் தனியார் சிறு நிறுவனம் இருந்திருந்தால் தாங்கியிருக்குமா?

இனி உடான் திட்டத்துக்கு வருவோம். 2016 அக்டோபரில் அறிவித்து, 2017 ஏப்ரல் 27-இல் சிம்லா–டெல்லி விமானத்தோடு தொடங்கிய திட்டம். ஹவாய்ச் செருப்புப் போட்டவனும் விமானத்தில் பறக்க வேண்டும் என்பது அதன் முழக்கம். ஒரு மணி நேரப் பயணத்துக்கு, பாதி இருக்கைகள் வரை, 2,500 ரூபாய் என்று கட்டண உச்சவரம்பு வைத்தார்கள். நட்டத்தை ஈடுகட்ட மூன்று ஆண்டு மானியம். அந்த மூன்று ஆண்டும் அந்த வழியில் தனி உரிமை. மானியப் பணம் பெரிய வழித்தட விமானங்களின் மேல் போட்ட தீர்வையிலிருந்து வருகிறது. அதாவது டெல்லி–மும்பை பயணியும் சென்னை–டெல்லி பயணியும் தருகிற காசு. மாநில அரசு 20 சதவீதம் தர வேண்டும். நோக்கத்தில் குறை இல்லை. நல்ல நோக்கம். அதனால்தான் அது வீணானதில் கோபம் வருகிறது.

இந்தியத் தலைமைத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை இதை எண்களில் சொல்லிவிட்டது. முதல் மூன்று சுற்றுகளில் 774 வழித்தடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் 403 வழிகளில் விமானம் பறக்கவே இல்லை. தொடங்கிய 371 வழிகளில் மூன்று ஆண்டு மானியக் காலத்தை முழுதாக முடித்தவை 112 மட்டுமே. மானியம் முடிந்தபின்னும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. எழுநூற்று எழுபத்து நான்கில் ஐம்பத்து நான்கு. முதல் சுற்றில் ஏர் ஒடிசா, புதிதாகப் பிறந்த ஏர் டெக்கான் என்ற இரண்டு நிறுவனங்களுக்கு மட்டும் 128-இல் 84 வழிகளைக் கொடுத்தார்கள். போதிய விமானம் இல்லாத கையில் வழிகளைக் கொடுத்துவிட்டு, பிறகு பெரும்பாலான ஒப்பந்தங்களை ரத்து செய்தார்கள். அந்தச் சுற்றிலேயே பெயர் வந்த நெய்வேலியில் இன்றுவரை காத்திருக்கிறார்கள். வேலூரிலும் அப்படித்தான்.

சேலத்துக்கு ட்ரூஜெட் வந்தது அந்தத் திட்டத்தில்தான். 2018 மார்ச்சில் தொடக்கம், 2021-இல் முடிவு. மூன்று ஆண்டு. இடையில் கொரோனா வந்தது உண்மை. அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் மூன்று ஆண்டு என்ற அந்த எண்ணிலேயே பிழை இருக்கிறது. ஓர் ஊர் விமானத்துக்குப் பழக மூன்று ஆண்டு போதாது. ஒரு வியாபாரி தன் வேலைமுறையை மாற்ற, ஒரு மருத்துவமனை வெளியூர் நோயாளிகளை அழைக்க, ஒரு தொழிற்சாலை இங்கே இடம் வாங்க, அந்தச் சேவை பத்து ஆண்டு இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் பறிபோகும் என்று தெரிந்த சேவையை நம்பி யாரும் ஒன்றும் தொடங்க மாட்டார்கள். தொடங்காததால் கூட்டம் வராது. கூட்டம் வராததால் சேவை நிற்கும். பொதுப்பணத்தைக் கொண்டு இந்த வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். 2025 பட்ஜெட்டில் அடுத்த பத்து ஆண்டுகளில் 120 புதிய ஊர்களுக்கு விமானம் என்று திருத்திய உடான் அறிவிக்கப்பட்டது. பழைய ஊர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கை முடிக்காமல் புதிய ஊர்களின் பெயரை வாசிப்பது பொறுப்பான ஆட்சி அல்ல.

சிறிய நிறுவனங்களின் முதலாளிகளையும் விட்டுவிட முடியாது. கிங்ஃபிஷர் ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் தெருவுக்கு வந்ததை நாடு பார்த்தது. அது பெரிய நிறுவனம்தான். ஆனால் அதே பழக்கம் சிறியவர்களிடமும் இருந்தது. விமானம் நிற்கப்போகிறது என்று உள்ளே தெரிந்த பிறகும் வெளியே டிக்கெட் விற்பது, சம்பள பாக்கியோடு ஆட்களை வேலை வாங்குவது, கடைசி நாள் வரை "விரைவில் தொடங்கும்" என்று அறிக்கை விடுவது: இவை மோசடிக்கு அடுத்த வீட்டில் இருக்கும் காரியங்கள். களம் அநியாயமானது என்பது கூலி கொடுக்காததற்கு நியாயம் ஆகாது. அடி வாங்கியவன் தனக்குக் கீழே இருப்பவனை அடித்தால் அவனும் குற்றவாளிதான்.

இப்போது சொல்லப்போவது இந்த ஊர்க்காரர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. கமலாபுரம் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். முழுச் சுமையோடு ஏ.டி.ஆர். கிளம்ப 1,300 மீட்டர் சொச்சம் போதும். ஏர்பஸ் ஏ320-க்கு முழுச் சுமையில் இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். ஆக இந்த ஓடுபாதை இயல்பிலேயே சிறிய விமானத்துக்கான இடம். ஆனால் 2018-இல் என்ன நடந்தது? கமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி ஊர்களில் ஏறக்குறைய 570 ஏக்கர் நிலத்தை விரிவாக்கத்துக்கு எடுக்கத் திட்டம் போட்டார்கள். விளைநிலம். விவசாயிகள் எதிர்த்தார்கள். சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்கும் அதே ஆண்டு அதே மாவட்டத்தில் கல் நட்டார்கள்; எதிர்த்துப் பேசியவர்கள் கைதானார்கள்.

இதை ஒரு பொருளாதாரப் பிரச்சினையாக மட்டும் பார்க்க நமக்கு மனம் வரவில்லை. சிறிய விமான நிறுவனம் ஒன்றை நிலைநிறுத்த அரசுக்குப் பணமும் பொறுமையும் இல்லை. ஆனால் மலிவு விலை நிறுவனத்தின் பெரிய விமானம் வந்து இறங்குவதற்காக நான்கு ஊர்க் குடும்பங்களின் கிணற்றையும் தோப்பையும் எடுத்துக்கொள்ள அரசுக்குத் துணிவு இருக்கிறது. ஊருக்கு ஏற்ற விமானத்தைத் தேடாமல், விமானத்துக்கு ஏற்றபடி ஊரை அறுக்கிற இந்த வழி தவறு. நாளைக்கு ஓடுபாதை நீண்டு, ஏர்பஸ் வந்து, லாபம் போதவில்லை என்று இரண்டு ஆண்டில் கிளம்பிப் போனால், எடுத்த நிலத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? இருக்கிற 1,800 மீட்டரில் காலையும் மாலையும் சிறிய விமானங்கள் நிறைந்து ஓடி, இடம் போதவில்லை என்ற நிலை வந்த பிறகு பேச வேண்டிய பேச்சு அது. அப்போதும் நிலக்காரரின் சம்மதத்தோடு பேச வேண்டிய பேச்சு.

நார்வேயில் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற சிறு ஊர்களில் 800 மீட்டர் அளவில் குறுகிய ஓடுபாதைகள் போட்டார்கள். அதில் இறங்கக்கூடிய சிறு விமானங்களை வைத்து வீடெரோ என்ற நிறுவனம் ஓட்டுகிறது. அரசு வழித்தடத்தை டெண்டர் விடுகிறது: ஒரு நாளைக்கு எத்தனை முறை, எந்த நேரத்தில், அதிகபட்சக் கட்டணம் எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று எழுதி வாங்கிக்கொண்டு பணம் தருகிறது. அது ஊருக்கான சேவை என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார்கள்; மூன்று ஆண்டில் சொந்தக் காலில் நிற்கும் என்று பாசாங்கு செய்வதில்லை. பஞ்சாயத்துச் சாலை மூன்று ஆண்டில் லாபம் தர வேண்டும் என்று நாம் கேட்கிறோமா?

ஆஸ்திரேலியாவின் ரெக்ஸ் நிறுவனத்தின் கதை சிறியவர்களுக்கான எச்சரிக்கை. உள்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சாப் 340 விமானங்களை ஓட்டிப் பிழைத்த நிறுவனம். 2021-இல் போயிங் விமானங்களை எடுத்துக்கொண்டு சிட்னி–மெல்போர்ன் பெருவழியில் குவாண்டாஸோடும் விர்ஜினோடும் மோதப் போனது. 2024 ஜூலையில் திவால் நிர்வாகியிடம் போனது. பெரிய விமானங்கள் நின்றன. சிற்றூர் சேவையை அரசு கைகொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. சிறிய நிறுவனம் பெரியவனோடு பெரியவன் வழியில் கட்டணத்தில் மோதினால் தோற்கும். பெரிய விமானம் இறங்க முடியாத இடம், ரயில் நேரம் பிடிக்கும் தூரம், பெரியவனுக்கு லாபம் போதாத கூட்டம்: இங்கேதான் அது வாழ முடியும். பாரமவுண்ட் போன்றவர்கள் இதை உணர்ந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

பெரிய நிறுவனம் மட்டும் இருந்தால் போதாதா, மலிவாகத்தானே பறக்கிறது என்று கேட்பவர்களுக்கு 2025 டிசம்பர் பதில் சொன்னது. விமானிகளுக்கு ஓய்வு நேரத்தைக் கூட்டும் விதி நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுப் பயணிகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் ஏற்றிச்செல்லும் இண்டிகோ அதற்கு வேண்டிய ஆட்களைத் தயார் செய்யவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை வானத்துக்கு ஏறியது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசு தடை போட வேண்டியதாயிற்று. ஏழை பறக்க 2,500 என்று தொடங்கிய நாட்டில், கொள்ளையைத் தடுக்கிற வரம்பே அதைப் போல மூன்று மடங்கு. அத்தோடு, எந்த விதியை அந்த நிறுவனம் மதிக்கத் தவறியதோ, அந்த விதியிலிருந்து அதற்குத் தற்காலிக விலக்கும் கிடைத்தது. சேலத்தில் ட்ரூஜெட் நின்றபோது யாருக்கும் எந்த விலக்கும் கிடைக்கவில்லை. ஒரு நிறுவனம் விழுந்தால் நாடே விழும் என்ற அளவுக்கு அதை வளரவிட்டால், அதற்கு விதி சொல்லும் பலத்தை அரசு இழந்துவிடுகிறது. அந்த டிசம்பரில் நாடு கண்டது அதைத்தான்.

தமிழக அரசின் பங்கும் சிறியதல்ல. விமான எரிபொருளுக்கு 29 சதவீத மதிப்புக் கூட்டு வரியை ஆண்டாண்டாக வைத்திருந்த மாநிலம் இது. உடான் வழிகளுக்கு அதைக் குறைத்தது சரி. ஆனால் மானியக் காலம் முடிந்து தட்டுத்தடுமாறி நிற்கப் பார்க்கும் சிறியவருக்கு என்ன ஏற்பாடு? ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் கட்டுவோம் என்று 2024-இல் அறிவித்தார்கள். பெங்களூரு நிலையத்தின் ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று வரக் கூடாது என்ற ஷரத்து இருக்கிறது. அந்தச் சிக்கல் தீரும்போது தீரட்டும். அதற்குள், கட்டி முடித்து முப்பது ஆண்டாக நிற்கிற கமலாபுரத்தில் நாளைக்கே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

செய்ய வேண்டியது கடினமானதும் அல்ல. மானியமும் வரிச் சலுகையும் இருக்கை எண்ணிக்கையைப் பார்த்துத் தரப்படக் கூடாது. நிறுவனத்தின் மொத்த அளவைப் பார்த்துத் தர வேண்டும். ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்குக் குறையக் கூடாது. மூன்று மாதச் சம்பளத்துக்கும் விற்ற டிக்கெட்டுக்கும் ஈடான பணத்தை நிறுவனம் வங்கியில் கட்டிவைத்த பிறகே முதல் விமானம் கிளம்ப வேண்டும். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் காலையிலும் மாலையிலும் சில நேரங்களைச் சிற்றூர் விமானங்களுக்கென்று ஒதுக்க வேண்டும். பெருவழிகளில் சம்பாதிக்கிற நிறுவனங்கள் வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவுகளுக்கும் குறிப்பிட்ட பங்கு பறந்தாக வேண்டும் என்று 1994 முதலே விதி உண்டு. பெரியவர்களுக்குக் கடமை விதிப்பது இந்த நாட்டுக்குப் புதிது அல்ல. அதே முறையில், சிறிய நிறுவனத்தின் பயணியை ஒரே டிக்கெட்டில், ஒரே பெட்டிச் சீட்டில் ஏற்றுக்கொள்ளும் கடமையையும் பெரிய நிறுவனங்கள் மேல் சட்டமாகப் போட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே சிறியவர்கள் பாதி பிழைத்துவிடுவார்கள் என்பது நம் உறுதியான கருத்து.

சேலம், நாமக்கல், கள்ளக்குறிச்சி, தருமபுரி நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கட்சி பார்க்காமல் டெல்லியில் எழுப்ப வேண்டும். அடுத்த ஏலச் சுற்றில் சேலத்தின் பெயர் வரும்போது, இந்த நிபந்தனைகள் இல்லாத ஒப்பந்தத்துக்குத் தமிழக அரசு தன் 20 சதவீதத்தைத் தரக் கூடாது. அது நம் வரிப்பணம். அதைத் தர மறுக்கும் உரிமையும் நம் அரசுக்கு இருக்கிறது.